அம்மா தேய்த்த துப்பாக்கி

எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் கம்பெனியில் யாரும் நம்புவதில்லை. "அக்கா, சும்மா ரீல் வுடாத" என்று லைனில் என்னோடு நிற்கும் பெண்பிள்ளைகள் சிரிக்கும். நம்பாவிட்டால் போகட்டும். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, அதற்கு மேல் நாலு மணி நேரம் ஓ.டி. பார்க்கிறவளுக்கு யாரையும் நம்ப வைக்கிற தெம்பு இல்லை. இருந்தாலும் இதை ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. மனசில் வைத்துக்கொண்டு சுமக்க முடியவில்லை.

ஒற்றைக்குழல் துப்பாக்கி. என் தாத்தா காலத்தில் வாங்கியது. கட்டையில் ஒரு விரிசல் உண்டு, அதன்மேல் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். நடுக்கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய ஆணிகளில் படுக்கைவாட்டில் தொங்கும். கீழே நாங்கள் சாப்பிடுவோம், சண்டை போடுவோம், டிவி பார்ப்போம். எனக்கும் தம்பிக்கும் அது மின்விசிறி மாதிரி வீட்டோடு சேர்ந்த ஒரு சாமான், அவ்வளவுதான். அம்மாவுக்கு அப்படி இல்லை.

வடக்குப்பட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் புன்செய் இருந்தது. வேர்க்கடலை போடுவார்கள். கடலை முற்றுகிற நேரத்தில் காட்டுப்பன்றி வந்து ஒரே வேளையில் பாத்தி பாத்தியாகப் புரட்டிவிட்டுப் போய்விடும். அதற்காகத்தான் துப்பாக்கி. உரிமப் புத்தகத்திலும் 'பயிர்ப் பாதுகாப்பு' என்றுதான் இருக்கும். தாத்தாவுக்குப் பிறகு அது அப்பா பெயருக்கு வந்தது. பெயர்தான் அப்பாவுடையது. அப்பாவுக்கு வெடிச் சத்தம் என்றாலே ஆகாது. தீபாவளிக்கே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற ஆள் அவர். துப்பாக்கியைத் தூக்கினால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துச் சுடுவார். பன்றி அசையாது, காக்காய்தான் பறக்கும்.

சுட்டது அம்மா. அப்பா ஒரு மாசம் மஞ்சள்காமாலையில் படுத்திருந்தபோது அம்மாதான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விடியற்காலையில் வரப்பில் போய் நின்றிருக்கிறாள். மூன்று தடவை சுட்டாளாம். கட்டை உதைத்து வலது தோள் கன்றிப் போய் ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லையாம். ஆனால் அந்த வருஷம் கடலை வீட்டுக்கு வந்தது. உரிமம் இல்லாமல் சுட்டது குற்றம் என்பதால் இதை எங்களிடமே அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. இப்போது நான் எழுதலாம். கேஸ் போடத் துப்பாக்கி இல்லை.

பிறகு நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. அதைப் பற்றி அழுது புலம்ப நான் வரவில்லை. எங்களைச் சுற்றி எல்லாருக்கும் போனதுதான். வல்லம் வடகால் பக்கம் கேட்டாலும் இதே கதைதான் சொல்வார்கள். கடலை போட்ட இடத்தில் காம்பவுண்டு சுவர் வந்தது, அந்தச் சுவருக்குக் கேட் வந்தது, கேட்டில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை வந்தது. கையில் ஒரு தடியும் கழுத்தில் ஒரு விசிலும் கொடுத்தார்கள். "வூட்ல துப்பாக்கி வெச்சிகினு இங்க குச்சிய தூக்கினு நிக்கறேன் பாரு" என்று அவரே சிரிப்பார். அதற்குப் பிறகு துப்பாக்கிக்கு வேலையே கிடையாது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது, தேர்தல் முடிந்தால் வாங்கி வருவது, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக்கொள்வது, இவ்வளவுதான்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் முதல் இடம் அதற்குத்தான். பக்கத்தில் அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி. இப்போது அதோடு தம்பியின் பைக் சாவி, அவன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற ரூம்களின் சாவிக் கொத்து, என்னுடைய கம்பெனி ஐ.டி. கார்டு எல்லாம் சேர்ந்துவிட்டன. பூஜைக்கு முதல் நாள் காலையில் அம்மா பின்பக்கம் கோணி விரித்து உட்கார்ந்துவிடுவாள். மடியில் துப்பாக்கியைக் குறுக்கே போட்டுக்கொண்டு, செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்ப்பாள். பித்தளை விளக்கைத் தேய்ப்பாளே, அதே தேய்ப்பு. பிறகு எண்ணெய் போட்டுத் துடைத்து, விபூதிப் பட்டை அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, குழல் வாயில் ஒரு எலுமிச்சம்பழத்தை உட்கார்த்தி வைப்பாள். தேர்தல் முடிந்து ஸ்டேஷனிலிருந்து திரும்பி வரும்போதும் ஒரு தேய்ப்பு உண்டு. "எவன் எவன் துப்பாக்கியோட ஒட்டினு கெடந்துச்சோ" என்பாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அதை வாசலிலேயே வாங்கிக் கழுவித்தான் உள்ளே எடுப்பாள்.

இப்படி நாற்பது வருஷம்.

அப்பா போன வருஷம் ஆடியில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் ஆகியிருக்காது, ஸ்டேஷனிலிருந்து ரைட்டர் போன் போட்டார். நான் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

"யம்மா, உங்க அப்பா பேர்ல ஒரு கன் கீதே, அது இன்னாச்சு?"

"வூட்லதான் சார் கீது."

"ஆள் பூட்டாருன்னா அத வூட்ல வெச்சிக்கக் கூடாதும்மா. ஒண்ணு ஒப்படைச்சிடுங்க, இல்ல, யாராவது வாரிசு பேருக்கு எழுதிப் போடுங்க."

வீட்டில் வந்து சொன்னேன். தம்பி யோசிக்கவே இல்லை. "குட்த்துட்டு வேலைய பாரு அக்கா. ரூமுங்கள்ல பதினாறு பசங்க கீறானுங்க, எல்லாம் தூத்துக்குடி, ராம்நாடு பக்கத்துப் பசங்க. எவனாவது ஒருத்தன் வாடகை குடுக்க வந்தவன் அத கையில புட்ச்சினு போட்டோ எட்த்துப் போட்டான்னு வெச்சிக்க, நான்தான் உள்ள போவணும்." அவன் சொன்னதில் தப்பே இல்லை. நானும் தலையாட்டினேன்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் கண்ண மூடுற வரைக்கும் அது அந்த ஆணியிலதான் தொங்கணும். அதுக்கு இன்னா பண்ணணுமோ, நீ பண்ணு."

நீ என்று அவள் சொன்னது என்னை. தம்பியை இல்லை. எங்கள் வீட்டில் ஆபீஸ், பாரம், ஜெராக்ஸ், கையெழுத்து என்று எது வந்தாலும் அது என் தலையில்தான் விழும். பத்தாவது முடித்த பாவம்! அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக் காகிதத்திலிருந்து இறப்புச் சான்றிதழ் வரைக்கும் நான்தான் அலைந்தேன். அது முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் இது.

கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை தடவை போனேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. லீவு போட்டுப் போனால் அதிகாரி கேம்ப் போயிருப்பார். பெர்மிஷன் போட்டுப் போனால் சாப்பாட்டு நேரம் என்பார்கள். ஒரு நாள் நைட் ஷிப்ட் முடித்த கையோடு, தூக்கக் கண்ணோடு போய் பெஞ்சில் உட்கார்ந்து அங்கேயே தூங்கிவிட்டேன். எழுப்பி, "இன்னைக்கு டோக்கன் முடிஞ்சிச்சும்மா" என்றார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது? டோக்கன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவளும் என்னை மாதிரி களைத்துப்போய்த்தான் இருந்தாள்.

'பயிர்ப் பாதுகாப்பு' என்று போட்டால் அடங்கல் கேட்டார்கள். பயிரே இல்லாதவளுக்கு அடங்கல் எங்கிருந்து வரும்? கடைசியில் ஒரு கிளார்க்தான் மனசு இரங்கி வழி சொன்னார். குடும்பச் சொத்தாக, செத்தவருடைய மனைவி பெயரில் மாற்றிக் கேட்கலாம், தோட்டா கிடையாது, சும்மா வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அம்மாவிடம் சொன்னதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "தோட்டா யாருக்குடி வேணும்? யாரச் சுடப் போறேன் நானு?" தம்பியும் முணுமுணுத்துக்கொண்டே ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டான். மாசியில் எல்லாம் கூடி வந்தது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. போலீஸ் ஆயுதப்படைக்குத் துப்பாக்கியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். உரிமப் புத்தகத்தில் இருக்கிற நம்பரும் துப்பாக்கியில் அடித்திருக்கிற நம்பரும் ஒன்றுதான் என்று அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டால், துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வேலையே நம்பர் படிப்பதுதான். வண்டிக்கு வருகிற இரும்புப் பாகம் ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் அடித்திருக்கும். அதை லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்து, ஸ்கிரீனில் இருக்கிற நம்பரோடு சரி பார்த்து, அடுத்த டிரேவில் வைக்க வேண்டும். ஒரு எழுத்து மங்கலாக இருந்தாலும் சிவப்பு டப்பாவில் போட வேண்டியதுதான். பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். கண்ணை மூடினால் நம்பர்தான் ஓடும். அப்படிப்பட்டவள், எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரே ஒரு நம்பரை ஒரு நாளாவது எழுந்து போய்ப் பார்த்தேனா? இல்லை. வீட்டுக்கு வந்தும் நம்பர் பார்க்க யாருக்குத் தோன்றும்?

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆயுத பூஜையின்போது, குழலின் அடிப்பக்கத்தில் செம்பட்டையாக ஒரு கறை தெரிகிறது என்று அம்மா தவித்துக்கொண்டிருந்தாள். "செங்கல் பொடிக்குப் போவ மாட்டேங்குதுடி." நான்தான் கம்பெனியில் ரீவொர்க் மேஜையில் கிடந்த உப்புத்தாளில் நாலு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரும்பு தேய்க்கிற நைஸ் தாள். அம்மா அதை வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "அடி சக்க! இத்தினி வருஷமா இத ஏண்டி கொண்டாரல?" என்றாள். அதற்கப்புறம் அவளுக்கு அந்தத் தாள்தான். தேய்ந்தால் வேறு கொண்டுவந்து கொடுப்பேன்.

ஆயுதப்படைக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள் ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன், துப்பாக்கி கண்ணாடி மாதிரி மின்னுகிறது. காலையிலிருந்து அதையேதான் தேய்த்திருக்கிறாள்.

"நாளைக்கு நாலு பேரு பாக்கப் போறாங்க. இன்னா வெச்சிகிறாங்கன்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுல்ல?"

"சூப்பரா கீதும்மா" என்றேன். சொல்லிவிட்டு, செருப்பைக் கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் படுத்துவிட்டேன். எந்தத் தேய்ப்பில் அது போனதோ தெரியாது. அன்றைக்குத்தானோ, அதற்கு முன்னாலேயோ. அன்றைக்காவது எழுந்து குழலைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்திருந்தால், கிழவியை அவ்வளவு ஆசையோடு கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

மறுநாள் தம்பி காருக்குச் சொல்கிறேன் என்றான். அம்மா கேட்கவில்லை. அப்பா எப்படி எடுத்துப் போவாரோ அப்படித்தான் போக வேண்டுமாம். அவளுடைய பழைய சுங்குடிப் புடவை ஒன்றில் சுற்றி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, மடியில் கிடத்திக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த தெக்கத்திப் பையன் ஒருவன், கம்பெனிச் சட்டை போட்டவன், "என்னக்கா, கர்ட்டன் ராடா?" என்று என்னிடம் கேட்டான். அம்மா வாயைத் திறப்பதற்குள் "ஆமாம்பா, கர்ட்டன் ராடுதான்" என்று சொல்லிவிட்டேன். அம்மா என்னை முறைத்தாள்.

ஆயுதப்படையில் துப்பாக்கிகளைச் சரிபார்க்கிறவர் ஒரு ஏட்டய்யா. நரைத்த மீசை, பேச்சைக் கேட்டால் திருநெல்வேலிப் பக்கம். அம்மா புடவை முடிச்சை அவிழ்த்தபோது அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அடேயப்பா! இது எந்தக் காலத்துத் துப்பாக்கி? நேத்து வாங்கினாப்ல இருக்கு?"

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "நான்தான் சார் தேப்பேன். வருஷா வருஷம். யாரையும் தொட வுட மாட்டேன்."

அவர் துப்பாக்கியை மடக்கித் திறந்தார், குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார், திருப்பினார். குழலின் அடிப்பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. டார்ச்சை எடுத்தார். லென்சை எடுத்தார். சாக்பீஸை எடுத்து அந்த இடத்தில் தேய்த்து, விரலால் துடைத்து, மறுபடி பார்த்தார். அந்தச் சாய்ப்பும் அந்தப் பார்வையும் எனக்குத் தெரியும். தினமும் நான் செய்வது அது. ஒரு பாகத்தைச் சிவப்பு டப்பாவில் போடுவதற்கு முன்னால் அப்படித்தான் பார்ப்பேன்.

நான் மேஜைப் பக்கம் நகர்ந்து எட்டிப் பார்த்தேன்.

"நம்பர் எங்கம்மா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. "இன்னா நம்பரு?"

"துப்பாக்கி நம்பர். இந்த எடத்துல அடிச்சிருக்கும். இங்கன ஒண்ணையுமே காணுமே. கடைசியில ஒரு சைபர் மட்டும் நிழலாட்டம் தெரியுது. இத யாரு தேச்சது?"

"நான்தான்னு சொன்னேனே சார்" என்றாள் அம்மா, மறுபடியும் பெருமையாக.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ செத்த வெளிய வாம்மா" என்று என்னை மட்டும் வராண்டாவுக்குக் கூப்பிட்டார். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது போலிருக்கிறது. உப்புத்தாளைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"திருட்டுத் துப்பாக்கியிலதான் நம்பர ராவி எடுப்பான். இது அப்படி இல்லன்னு எனக்குத் தெரியுது. ஆனா நான் பாத்தத பாத்தபடி எழுதினா, நம்பர அழிச்சாங்கன்னு கேஸ் ஆயிரும். அழிச்சது யாருன்னா அந்த அம்மா. தாள் கொடுத்தது நீ. ரெண்டு பேரும் கோர்ட்டுக்கு அலையணும். உன் வேலையும் போயிரும்லா?"

"வேற வழியே இல்லையா சார்?"

"எப்படிப் பாத்தாலும் துப்பாக்கி இனி வீட்டுக்கு வராது. நம்பர் இல்லாதத நான் கொடுக்க முடியாது. கேஸ் இல்லாம முடிக்கணும்னா ஒண்ணு செய்யலாம். துருப்பிடிச்சு நம்பர் அரிச்சுப்போச்சு, எங்களுக்கு வேண்டாம், ஒப்படைச்சிட்டோம்னு எழுதிக் கொடுங்க. நானும் அப்படியே எழுதிக்கிடுதேன்."

நல்ல மனுஷர். முன்பின் தெரியாத எங்களுக்காக ஒரு பொய்யைத் தன் கையால் எழுத ஒத்துக்கொண்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிடும்போதே, உள்ளே உட்கார்ந்திருக்கிறவளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கி வராது என்றதும் அம்மா அழவில்லை. முன்பே எதிர்பார்த்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்பா சாகும்போதும் இப்படித்தான் இருந்தாள். ஏட்டய்யா எழுதி முடித்து, சட்டப்படி படித்துக் காட்ட வேண்டும் என்று படித்தார். "...மேற்படி துப்பாக்கி நீண்ட காலமாகச் சரிவரப் பராமரிக்கப்படாமல் துருப்பிடித்து, அதிலுள்ள எண் அரிக்கப்பட்டுவிட்டபடியால்..."

அம்மா எழுந்துவிட்டாள்.

"இன்னா சொன்ன நீ?"

"உக்காரும்மா..."

"துருவா? என் துப்பாக்கியில துருவா? இன்னா சார் இது அக்கிரமமா கீது! நாப்பது வருசமா இந்தக் கையால தேச்சிகினு கீறேன். ஒரு பொட்டுத் துரு காட்டு சார் நீ. ஒரே ஒரு பொட்டு! காட்டிட்டு அப்புறம் எழுது."

பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஏட்டய்யா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் அவள் பேசினால், யார் தேய்த்தது, எதை வைத்துத் தேய்த்தது என்று எல்லாம் அந்த இரண்டு பேர் காதிலும் விழுந்துவிடும்.

"துருதான் சார்" என்றேன். "துருதான். நாங்கதான் கவனிக்காம வுட்டுட்டோம். நீங்க எழுதுங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பார்த்தது வேறு மாதிரி. இவள் யார், எங்கிருந்து வந்தாள் என்று பார்க்கிற பார்வை. பிறகு உட்கார்ந்து, ஏட்டய்யா தள்ளிய மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி, அவர் காட்டிய இடத்தில் வைத்தாள். மூன்று காகிதம், மூன்று ரேகை. புடவையை மட்டும் திருப்பிக் கேட்டாள். அவர் கொடுத்ததும் நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. காரணத்தைச் சொல்லிப் பார்த்தேன். கேஸ் ஆகியிருக்கும், கோர்ட்டுக்கு அலைந்திருப்போம், என் வேலை போயிருக்கும் என்றெல்லாம் சொன்னேன். உப்புத்தாள் கொடுத்தது நான்தான், என்மேல்தான் தப்பு என்றும் சொல்லிப் பார்த்தேன். "சரி" என்பாள். சாப்பாடு போடுவாள், தண்ணீர் பிடித்து வைப்பாள், ஷிப்டுக்கு நேரமானால் எழுப்பிவிடுவாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நானும் விட்டுவிட்டேன். ஓ.டி. முடித்து வந்து ஒரு கிழவியின் கோபத்தோடு மல்லுக்கட்ட எனக்கு ஜீவன் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவளை நேராகப் பார்க்க வெட்கமாக இருந்தது. நாற்பது வருஷம் அவள் செய்த ஒரே ஒரு காரியத்தை, அவள் முன்னாலேயே, செய்யவில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ரூம் பசங்களுக்கு வைஃபை பெட்டி மாட்ட அந்த ஆணிகள் சரியாக இருக்கும் என்று தம்பி ஒரு நாள் ஸ்டூலைப் போட்டு ஏறினான். அம்மா சும்மா வந்து கீழே நின்றாள். அவன் இறங்கிவிட்டான்.

அப்பா செத்து வருஷம் திரும்பி, இந்தப் புரட்டாசியில்தான் மறுபடி பண்டிகை கும்பிட ஆரம்பித்தோம். ஆயுத பூஜை அன்று கம்பெனியில் மிஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பொரிகடலைப் பொட்டலம் கொடுத்து மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் பூஜைக்கு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். அரிவாள், கடப்பாரை, தம்பியின் சாவிகள். முதல் இடத்தில் அந்தச் சுங்குடிப் புடவையை மடித்துப் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்த ஒரு காகிதம். துப்பாக்கியை ஒப்படைத்ததற்கு ஆயுதப்படையில் கொடுத்த ரசீது. அதை அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்ததே எனக்குத் தெரியாது.

"இங்க வா" என்றாள். பல மாசத்துக்குப் பிறகு அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான். "அத கொஞ்சம் படி."

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து படித்தேன். "ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று, கட்டையில் செம்புக் கம்பி சுற்றப்பட்டது, காலஞ்சென்ற கணவரின் பெயரில் உரிமம் உள்ளது, இன்னாரிடமிருந்து பெற்றுக்கொள்ளப்பட்டது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"துருன்னு போட்டு இருந்தானே. அத ஏன் வுட்டுட்ட?"

ரசீதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எங்க கீது அது? காட்டு."

இரண்டாவது வரியில் இருந்தது. 'துருப்பிடித்த நிலையில்'. அவளுக்கு எழுத்து தெரியாது. அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். அதை எடுக்காமல், மற்றொரு கையால் சந்தனக் கிண்ணத்தை இழுத்தாள். முதலில் சந்தனத்தைக் குழைத்து அந்த வார்த்தையின்மேல் ஒரு தீற்று. அதன்மேல் குங்குமம். போதவில்லை என்று இன்னும் கொஞ்சம். இரண்டு வார்த்தையும் கொஞ்சம்கூட வெளியே தெரியாமல் மூடுகிற வரைக்கும் வைத்தாள். பிறகு ரசீதை விளக்குக்கு நேராகத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"இப்ப படி" என்றாள்.

நான் முதலிலிருந்து படித்தேன்.